அரசன் வாசலில் பட்டினி

ஸ்லேனி ஆற்றின் இரு கரையிலும் ரோனட்டின் வெண்ணெயைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் வாயைத் தெரியாதவர்களும் இல்லை. புருஷன் செத்த பிறகும் இருபது கறவைகளைக் கட்டி மேய்த்து, ஒருவனையும் ஏய்க்க விடாமல் பிழைத்தவள். கரகரத்த குரல். அந்தக் குரலில் ஒரு அதட்டல் போட்டால் அடுத்த மேட்டில் மேயும் மாடுகூடத் தலையைத் தூக்கும். அரசன் மாளிகைக்குத் தயிர் கொண்டுபோகும்போது வாசற்காவலனுக்கு வணக்கம் சொல்லமாட்டாள். அவள் ஏன் சொல்ல வேண்டும்? உள்ளே அரசனாக உட்கார்ந்திருந்த ஃபைலான் அவள் மார்பில் பால் குடித்து வளர்ந்தவன்.

அரசன் வீட்டுப் பிள்ளை அரசன் வீட்டில் வளர்வது எங்கள் ஊர்களில் வழக்கமில்லை. குடியானவனோ குறுநிலத்தானோ, நம்பிக்கையான ஒரு வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். மீசை முளைத்த பிறகுதான் திரும்பிப் போவான். பெற்றவளை அவனுக்கு விருந்துகளில்தான் தெரியும். வளர்த்தவளை அழுகையிலும் காய்ச்சலிலும் தெரியும். அதனால் ரத்தம் பெரிதா பால் பெரிதா என்று எங்களிடம் கேட்டால், கேட்டவனை ஒரு மாதிரிப் பார்ப்போம்.

ஃபைலான் வந்தபோது ஐந்து மாதக் குழந்தை. ரோனட்டின் சொந்த மகன் கெல்லக்குக்கு நாலு மாதம். ஆளுக்கொரு பக்கம் போட்டுக்கொண்டு பால் கொடுப்பாள். "இதுல எதும்மா உன் பிள்ளை?" என்று யாராவது கேட்டால், "கடிக்கிறது அரசன் பிள்ளை" என்பாள். ஊரே சிரிக்கும். பதினேழு வயதுவரை இரண்டு பேருக்கும் ஒரே கம்பளி, ஒரே கஞ்சிச் சட்டி. பிறகு ஒருவன் அரசனானான், ஒருவன் மாடு மேய்த்தான். கெல்லக்குக்கு அதில் வருத்தமே இல்லை. மனைவி காய்ச்சலில் போனபின் அவன் உலகமே அம்மாவும் மாடுகளும் கேலியும்தான். மாளிகைக்குப் போனால் அரசனின் தோளில் தட்டி, "என்ன ராசா, கிரீடம் உச்சியில சொட்டை விழ வச்சிருச்சே" என்று கேட்கிற ஒரே ஆள் அவன். ஃபைலானும் அடக்கமாட்டாமல் சிரிப்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது ஒரு பன்றித் தலையால். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வருவதில்லை.

குளிர்காலம் பிறக்கிற நாளில் மாளிகையில் பெரிய விருந்து நடக்கும். பன்றியில் யாருக்கு எந்தத் துண்டு என்பது எங்களிடம் விளையாட்டுக் காரியமில்லை. தொடை அரச வம்சத்துக்கு, தலை கொல்லனுக்கு. அன்று ஃபைலானின் சித்தப்பா மகன் டொன்னகாவின் முன்னால் விருந்துக் காரியக்காரன் பன்றித் தலையைக் கொண்டுவந்து வைத்தான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொன்னகா முகம் சிவக்க எழுந்தான், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனான். ஃபைலான் விழுந்து விழுந்து சிரித்தான். காரியக்காரன்தான் முன்பே அவன் காதில், "சும்மா ஒரு தமாஷ் பண்ணலாம் ராசா, உங்க தம்பி ரொம்பத்தான் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியிறாரு" என்று ஓதியிருந்தான்.

அந்தக் காரியக்காரன் டொன்னகாவின் ஆள் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. அரசுக்கு ஆசைப்பட்டவனுக்கு ஒரு முறையான மனக்குறை வேண்டியிருந்தது, நாற்பது சாட்சிகளோடு. அவமானத்தை விலை கொடுத்து வாங்கினான் பாவி! அதைத் தூக்கிக்கொண்டு நேரே ஷானன் ஆற்றுக்கு மேற்கே இருக்கும், எல்லா அரசர்களுக்கும் மேலான மேலரசரிடம் போனான். "என் வம்சத்தை அசிங்கப்படுத்திட்டான்" என்று அழுதான். மேலரசருக்கும் ஃபைலானை வெட்டிவிட ஒரு சாக்கு தேவைப்பட்டது. வசந்தத்தில் மூன்று பக்கமும் படை வந்தது. மாளிகை எரிந்தது. முந்தின நாள்வரை ஃபைலானின் மேசையில் தின்றவர்கள் மறுநாள் டொன்னகாவின் மேசையில் தின்றார்கள்.

ஃபைலானைச் சதுப்பு வழியாகக் கூட்டிப்போய்ப் படகேற்றியவன் கெல்லக்தான். மூன்று நாள் ஒரே கம்பளிக்குள் இரண்டு பேரும் நாணல் காட்டில் ஒளிந்து கிடந்தார்கள். "சின்ன வயசுல நீ இவ்வளவு குறட்டை விடமாட்டியே" என்று கெல்லக் கேலி செய்தானாம். படகேறும்போது ஃபைலான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதானாம். இதை மகன் வந்து சொன்னபோது ரோனட்டும் அழுதாள். தன் பால் வீண் போகவில்லை என்ற பூரிப்பும் அந்த அழுகையில் இருந்தது.

கடலுக்கு அக்கரையில் ஒன்றரை வருஷம். அங்கே யார் யார் காலில் விழுந்தானோ, யாருக்கு என்ன நிலம் தருவதாக வாக்குக் கொடுத்தானோ, அது அவனுக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். திரும்பி வந்தபோது உடம்பு பாதியாக இளைத்திருந்தான், வயிற்றில் ஒரு தீராத வலி. கூடவே இரும்புச் சட்டை போட்ட குதிரைக்காரர்கள் ஒரு அறுபது பேர். அந்த அறுபது பேரைப் பார்த்தே டொன்னகாவின் ஆட்கள் பாதி நாட்டை விட்டுவிட்டு ஓடினார்கள். மேலரசர் பெரும்படையோடு வந்தார். இரண்டு படைகளும் காட்டின் இரு ஓரங்களில் நின்றன. பாதிரிமார் நடுவில் ஓடி ஓடி ஒரு சமாதானம் பேசினார்கள். ஃபைலான் மீட்டதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அக்கரைக்காரர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், இனி ஒருவனைக்கூட வரவழைக்கக் கூடாது. இந்த வாக்குக்குப் பிணையாக அவனுக்கு உயிரான ஒருவரை மேலரசர் கையில் ஒப்படைக்க வேண்டும். வாக்கு தவறினால் அந்தப் பிணையாளின் தலை போகும்.

பிணையாளைச் சோதித்து வாங்க மேலரசரின் நியாயகர்த்தா ஃப்ளான் வந்தார். எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும் ஒல்லி மனிதர். ஆனால் சட்டம் முழுவதும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். பாதி எரிந்த மாளிகைக் கூடத்தில் ஃபைலானும் கெல்லக்கும் ரோனட்டும் நின்றார்கள். ஃபைலானின் மகன் லோர்கான், ஆறு வயது, தாதியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இவன் கெல்லக். என்னோட பால் குடிச்சவன்" என்றான் ஃபைலான். "இவனை எடுத்துக்கங்க."

ஃப்ளான் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் இந்தச் சின்னவரைக் கேக்கலாம்னு வந்தேன்."

"அவன் குழந்தைங்க. இருமல் வேற. வழியிலயே போயிட்டான்னா உங்களுக்குத்தான் பொல்லாப்பு. கெல்லக் எனக்கு அவனைவிட மேல. நாட்டுல யாரை வேணாலும் கேளுங்க."

"நாட்டைக் கேக்கமாட்டேன். வளத்தவளைத்தான் கேப்பேன். அதுதான் முறை." ஃப்ளான் ரோனட்டிடம் வந்து, வெளியே வரும்படி தலையசைத்தார்.

கிணற்றடிக்குப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "தாயி, நான் எத்தனையோ பிணை வாங்கினவன். கொடுக்கும்போது அத்தனை பேரும் அழுவாங்க. மகனைக் கொடுத்தவன் கையைக் கட்டிக்கிட்டு உக்காருவான். மத்தவங்களைக் கொடுத்தவன் ஒரு வருஷம் பொறுப்பான், அப்புறம் பொறுக்கமாட்டான். 'அவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் உன் மகனைத் தள்ளிடுறேன்."

ரோனட்டுக்குச் சுருக்கென்றது. "என்னய்யா பேசுறீங்க? என் பால் என்ன புளிச்ச மோரா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அதைத்தானே சொல்றீங்க! காய்ச்சல்ல கிடந்தப்போ கெல்லக் வாயில வச்சாத்தான் இவன் வாயைத் திறப்பான். நாணல் காட்டுல மூணு நாள் ஒண்ணாக் கிடந்தானுங்க. அவன் பிள்ளைக்காக ஒரு விரலை அசைப்பான்னா என் மகனுக்காகக் கையையே வெட்டிக்குவான். கொண்டாங்க புனிதர் மணியை, சத்தியம் பண்றேன்!"

ஃப்ளான் உள்ளே போய்ப் பாதிரியிடமிருந்து புனிதரின் கைமணியை வாங்கி, எல்லாரையும் கூட்டி வந்தார். எங்கள் பக்கத்தில் அந்த மணியின் மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் வாய் கோணிச் சாவான். ரோனட் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, தன் மகன் கெல்லக் அரசனுக்கு உயிர் என்று எல்லார் முன்னும் சத்தியம் செய்தாள். பொய்யென்று தெரிந்தா செய்தாள்? அவளைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய உண்மை கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கெல்லக் குதிரையில் ஏறும்போதும் விளையாட்டுப் பேச்சுதான். "மேற்கே வெண்ணெய் விளக்கெண்ணெய் மாதிரி இருக்குமாம்மா. அது ஒண்ணுதான் எனக்குக் கவலை." பிறகு ஃபைலான் பக்கம் திரும்பி, "டேய் ராசா, சீக்கிரம் நல்லவனா இருந்து என்னைக் கூப்பிட்டுக்கடா" என்றான். ஃபைலான் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு விம்மினான். ஃப்ளான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க மேற்கே போகிற துறவிகள் கையில் ரோனட் வெண்ணெய் கொடுத்தனுப்பினாள். பதிலுக்குக் கெல்லக்கின் கேலிகள் வந்தன. காவலாளிகளுக்கு மாடு கறக்கச் சொல்லிக்கொடுக்கிறானாம், அவர்களுக்குக் கை வரவே இல்லையாம்.

அக்கரைக்காரர்கள் மட்டும் போகவில்லை. இன்று கப்பல் இல்லை, நாளை காற்று சரியில்லை என்று நாள் கடந்தது. வசந்தத்தில் காற்று சரியானது. ஆனால் கப்பல்கள் போவதற்குப் பதில் வந்தன. ஆள் உயரத்துக்கு வில் வைத்திருந்தவர்கள் முந்நூறு பேர் இறங்கினார்கள். மேலரசரிடமிருந்து ஆள் வந்தான்: படை ஒரு அடி நகர்ந்தால் கெல்லக்கின் தலை நகரும். அன்று சாயங்காலமே மாளிகைக் கொட்டிலில் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற சத்தம் கேட்டது.

 மறுநாள் விடிந்ததும் ரோனட் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். மாளிகை வாசலுக்கு நேர் எதிரே சேற்றில் முந்தானையை விரித்து உட்கார்ந்தாள். காவலனுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்து உள்ளே ஓடினான்.

பெரியவன் ஒருவன் எளியவனுக்கு அநியாயம் செய்தால், எளியவன் அவன் வாசலில் பட்டினி கிடப்பான். அவனுக்கு ஒரு வழி சொல்லாமல் வீட்டுக்காரன் உள்ளே ஒரு கவளம் தின்றால் போச்சு. அதன்பின் அவன் வார்த்தை எந்தச் சபையிலும் ஏறாது, அரசனாக இருந்தாலும் சரி. எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அது.

உள்ளே காலை உணவு பரிமாறியிருந்தார்கள். யாரும் தொடவில்லை. அக்கரைத் தளபதி மட்டும் ஒன்றும் விளங்காமல் ஆட்டுக்காலைக் கடித்துக்கொண்டே வாசலுக்கு வந்து பார்த்தான். மொழி தெரிந்தவனிடம் ஏதோ கேட்டான். அவன் சொன்ன பதிலைக் கேட்டு, "கிழவிக்குப் பசின்னா ரொட்டி கொடுங்கப்பா" என்கிற மாதிரி கையை ஆட்டிவிட்டுச் சிரித்தான். இந்த ஆட்களைத்தான் கடல் தாண்டிக் கூட்டி வந்திருந்தான் நம் அரசன்.

ஃபைலான் வந்தான். அவள் எதிரே சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என்னம்மா இது, ஊர் சிரிக்க?"

"சிரிக்கட்டும். கெல்லக்கைக் கொண்டாந்து என் முன்னால நிறுத்து. அப்புறம் நீ எவன்கூட வேணா சண்டைக்குப் போ."

"அவனை யாரும் தொடமாட்டாங்க. மேலரசர் சும்மா பூச்சாண்டி காட்டுறாரு."

"பூச்சாண்டின்னா லோர்கானை அனுப்பிட்டுக் கெல்லக்கைக் கூட்டிக்க."

ஃபைலான் தோளில் போர்வையைக் குத்தியிருந்த பொன் ஊசியைக் கழற்றி அவள் மடியில் வைத்தான், வாக்குக்கு அடையாளமாக. அவள் அதை எடுத்துச் சேற்றில் போட்டாள்.

"சரி," என்றான். "நீ பட்டினின்னா நானும் பட்டினி. நானும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

தூறல் விழுந்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நேரம் போகப் போக அவன் பழைய கதைகளை எடுத்தான். கன்றுக்குட்டியின் மேல் ஏறி விழுந்து பல் உடைந்தது, கெல்லக் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது. ரோனட் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். உச்சிவேளை தாண்டியது. அவன் பேச்சு நின்றது. கையை வயிற்றில் அழுத்திக்கொண்டான். கப்பலில் தொற்றிய அந்த வலி, வெறும் வயிறாக இருந்தால் குடலைப் பிடித்து முறுக்கும். அவன் முகம் சாம்பல் பூத்தது, நெற்றியில் வியர்த்தது. அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் அவள் ஏமாந்திருக்கமாட்டாள்.

"உள்ள போடா," என்றாள்.

"நீ எந்திரிச்சாத்தானே நான் போக முடியும்?"

"நான் எந்திரிக்கமாட்டேன்."

"அப்ப எனக்கு வலிக்கட்டும்." தலையைக் குனிந்துகொண்டு, கேட்டும் கேட்காத குரலில், "அம்மா, தாங்க முடியலம்மா" என்றான்.

பதினேழு வருஷம் அந்தக் குரல் கேட்டால் அவள் என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேற்கே இருக்கிற மகனை நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். எதிரே இருக்கிறவன் மூச்சு வாங்குவதுதான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் கையை ஊன்றியபோது அவளால் முடியவில்லை.

"கெல்லக் மேல ஒரு கீறல் விழாதுன்னு சொல்லு."

"விழாதும்மா. நீ கொடுத்த பால் மேல ஆணை."

ஜாமீன் இல்லை, சாட்சி இல்லை, மணி இல்லை. வெறும் வாய் வார்த்தை. அவள் எழுந்தாள். அவனைத் தூக்கி நிறுத்தி, தோளில் தாங்கி, தானே உள்ளே கூட்டிப்போனாள். அவனுக்குச் சூடான பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவளுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அவன் முகத்தில் ரத்தம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே அவளும் குடித்தாள். நிம்மதியில் கண் கலங்கிற்று. அவன் எந்த இடத்தில் தொட்டால் அவள் உடைவாள் என்று அவனுக்குத் தெரியும் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் படை கிளம்பியது.

மேலரசர் கடைசியாக ஒரு ஆளை அனுப்பிக் கேட்டார். "அவர் வேலையை அவர் பார்க்கட்டும், என் வேலையை நான் பார்க்கிறேன்" என்றானாம் ஃபைலான். பதில் போன மறுநாள் காலையில் கெல்லக்கை வெட்டினார்கள்.

சேதி சொல்ல ஃப்ளான்தான் வந்தார், தனியாக, குதிரைகூட இல்லாமல். பால் கறந்துகொண்டிருந்த ரோனட் அவரைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். மடியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"தெரியுமா அவனுக்கு? முன்னாலயே சொன்னீங்களா?"

"சொன்னோம், தாயி."

"என்ன சொன்னான்?"

"நம்பல. காவலாளிங்க ஏதோ கேலி பண்றாங்கன்னு நினைச்சான். 'எங்க ஃபைலான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான், ஆள் தப்பாக் கேட்டுட்டு வந்திருப்பான், இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்க'ன்னான்."

"கேட்டீங்களா?"

"இல்லை."

அவள் கறந்த பாலைக் காலால் எட்டி உதைத்தாள். "சின்னவனைக் கூட்டிட்டுப் போயிருந்தா ஃபைலான் நகர்ந்திருக்கமாட்டான் இல்ல?"

ஃப்ளான் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.  சட்டம் தெரிந்த மனிதருக்கு அந்த நேரத்தில் பொய் சொல்லவும் தெரியவில்லை. திட்டுவாள் என்றுதான் வந்திருந்தார். அவள் அவருக்குக் குடிக்க மோர் கொடுத்தாள். "நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றாள்.

சண்டை மூன்று வருஷம் நடந்தது. டொன்னகாவை ஒரு ஓடைக்கரையில் வைத்துக் கொன்றார்கள். பன்றித் தலை வைத்த காரியக்காரன் மட்டும் எப்படியோ தப்பித்து, இப்போது அக்கரைக்காரர்களுக்குப் பந்தி விசாரிக்கிறான். ஃபைலான் ஜெயித்தான். ஆனால் ஜெயித்துக் கொடுத்தவர்கள் கூலியாக நிலம் கேட்டார்கள். ஆற்றங்கரையில் மண்ணைக் குவித்து மேடாக்கி மேலே மரக்கோட்டை கட்டினார்கள். ரோனட்டின் மேய்ச்சல் நிலத்தில் பாதி அப்படித்தான் போயிற்று. வந்தவர்கள் போகிற உத்தேசத்தில் இல்லை என்பது மாடுகளுக்கே தெரிந்துவிட்டது. இரண்டு பங்காளிகளின் பொறாமையில் ஆரம்பித்த சண்டை ஒரு நாட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு முடிந்தது.

அறுப்பு முடிந்த ஒரு மழை நாளில், பகலில், ஃபைலான் ரோனட்டின் வீட்டுக்கு வந்தான். குதிரையில் முன்னால் லோர்கான் உட்கார்ந்திருந்தான். பத்து வயது, எலும்பும் தோலுமாக, தொப்பலாக நனைந்து, பல் தந்தியடித்தது.

ஃபைலான் இறங்கி, பையனையும் இறக்கிவிட்டு, வாசலில் மண்டியிட்டான். நரைத்துப்போயிருந்தான். "உன் மகனை எடுத்துட்டேன். என் மகனைக் கொண்டாந்திருக்கேன். நீ வளத்துக் கொடு. இதைவிட எனக்கு வேற ஒண்ணும் தரத் தெரியலம்மா."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அதையும் சொல்லியாக வேண்டும். வளர்க்கக் கொண்டுவந்த பிள்ளையை மறுத்த வீடு எங்கள் நாட்டில் கிடையாது. பகையாளி பிள்ளையாக இருந்தாலும் வாங்கி உள்ளே வைப்போம். ரோனட்டின் கை தானாக முன்னால் நீண்டதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். பையனின் ஈரத் தலையைத் துவட்ட முந்தானை நுனியைக்கூடப் பிடித்துவிட்டாள்.

பிறகு அந்தக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போ."

"அம்மா, இவன் என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. கூட்டிட்டுப் போ."

"குளிருது" என்றான் பையன், யாரிடமும் இல்லாமல். ரோனட்டுக்குப் பின்னாலிருந்த கதவு வழியாக அடுப்பின் சூடு வெளியே வந்துகொண்டிருந்தது.

ரோனட் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். தாழ்ப்பாளின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே ஃபைலான் கொஞ்ச நேரம் அழைத்துப் பார்த்தான். பையன் இருமினான். பிறகு குதிரை சேற்றில் திரும்புகிற சத்தம் கேட்டது. சத்தம் தேய்ந்து போனபின்னும் அவள் கை தாழ்ப்பாளை விட்டு இறங்கவில்லை.

அதன்பின் பத்து வருஷம் உயிரோடிருந்தாள். கெல்லக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் பேசுவாள், அவன் கேலிகளைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்வாள். அந்த மழை நாளைப் பற்றி மட்டும் யாரும் பேசக் கூடாது. பேசினால் எழுந்து போய்விடுவாள். மகனைப் பலி கொடுத்ததற்காக என்றாவது ஒருநாள் ஃபைலானை மன்னித்திருப்பாளோ என்னவோ. நனைந்து வந்த குழந்தையை வாசலோடு திருப்பி அனுப்புகிறவளாகத் தன்னை ஆக்கிவிட்டதற்காக அவனைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.